ஓடும் பிள்ளைகளுக்காக ஒரு நடை

1971 ஆகஸ்ட் 28 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் ‘ரான் சாண்டோ தினம்’ கொண்டாடினார்கள். கப்ஸ் பேஸ்பால் அணிக்கு 1960 முதல் மூன்றாவது பேஸில் நின்று ஆடிவந்தவர் அவர். ஒரு நட்சத்திர வீரருக்கு விழா எடுத்தால் பரிசுகளைக் கொண்டுவந்து குவிப்பது அந்தக் காலத்து வழக்கம். சாண்டோ தமக்கு எதுவும் வேண்டாம் என்றார். கொடுக்க நினைப்பதைச் சிகாகோவின் நீரிழிவுச் சங்கத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூடவே, அதுவரை ஊர் அறியாத ஒன்றையும் சொன்னார்: அவருக்கு 18 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் அத்தனை ஆண்டுகளும் ஆடியிருக்கிறார்.

நான் சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியிருப்பவன். கிரிக்கெட்டில் ஊறி வளர்ந்த எனக்குப் பேஸ்பாலில் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. சாண்டோவின் பெயரை மைதானத்தில் அல்ல, குழந்தைகள் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில்தான் முதலில் கேட்டேன். என் மகளுக்கு டைப் 1 என்று தெரிந்த வாரம் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர், தம் பேரனைக் காட்டி, “இவனும் நானும் ஒவ்வோர் ஆண்டும் சாண்டோ நடைக்குப் போவோம், நீங்களும் வாருங்கள்” என்றார். அந்த நடையின் பெயர் பிற்பாடு மாறிவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நோய்களுக்காக ஓடுவதும் நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. புற்றுநோய்க்கு ஓடுகிறார்கள், இதய நோய்க்கு நடக்கிறார்கள். அவற்றில் எல்லாம் ஓட்டம் என்பது ஆட்களைத் திரட்டும் வழி. வேறு வழியிலும் திரட்டலாம். குழந்தைகளின் சர்க்கரை நோய்க்கு ஓடுவது அப்படியல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த நோய் வந்த குழந்தையிடம் ஊரும் உறவும் முதலில் பிடுங்கிக்கொள்வது விளையாட்டைத்தான். ஆகவே அந்தக் குழந்தை நடுவில் நின்று ஓடும் ஒரு நிதி திரட்டும் ஓட்டம், பணம் வருவதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுகிறது. அதைச் செய்யத் தவறும் நிகழ்ச்சி எத்தனை லட்சம் திரட்டினாலும் எனக்கு மனம் நிறைவதில்லை.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களிடம் சர்க்கரை என்றால் தாத்தாவுக்கு வந்தது, மாமாவுக்கு வந்தது, சோற்றைக் குறைத்து நடக்கப் போனால் கட்டுக்குள் வருவது என்ற எண்ணம்தான் இருக்கிறது. அது டைப் 2. டைப் 1 வேறு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை. அம்மா கருவுற்றிருந்தபோது எதையோ சாப்பிட்டதாலும் வருவதில்லை. இன்சுலின் இல்லாமல் இந்தக் குழந்தைகள் உயிர் வாழ முடியாது; மாத்திரை, கஷாயம், பத்தியம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஒரு குழந்தை திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால், அடிக்கடி சிறுநீர் கழித்தால், படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைத்தால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால், அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மூச்சு வாங்குவதும் வாயில் பழவாடை அடிப்பதும் தொடங்கிவிட்டால், அது மணிக்கணக்கில் முற்றக்கூடிய ஆபத்து.

1922-க்கு முன்பு இதற்கு மருந்தே கிடையாது. பட்டினி போட்டுப் பிள்ளையின் ஆயுளைச் சில மாதங்கள் இழுத்துப் பிடிப்பார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவைச் சேர்ந்த பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நவம்பர் 14, உலக நீரிழிவு தினம், பேண்டிங்கின் பிறந்தநாள்.

எங்கள் வீட்டில் ஊசி போடக் கற்றுக்கொண்டோம், சாதத்தையும் இட்லியையும் எடை போட்டு மாவுச்சத்தைக் கணக்கிடக் கற்றுக்கொண்டோம். அதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. வராமல் இழுத்தடித்தது வேறொன்று. பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் மகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, மற்றவர்கள் எடுக்கும் புள்ளிகளை எழுதச் சொல்லிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, பயத்தில். சேலத்திலிருந்து என் அம்மா வாராவாரம் போனில் இதையே சொன்னார்: “ஊசி போடுகிற பிள்ளையடா, வெயிலில் ஓட விடாதே. மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது?” கால்பந்துப் பயிற்சியாளர், “இந்த சீசன் வேண்டுமானால் ஓய்வெடுக்கட்டுமே” என்றார். அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் காலணியைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் தானே வைத்துவிட்டாள். ஊசியைப் பார்த்துக்கூட நான் அப்படிக் கலங்கியதில்லை.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இந்த நோய் இல்லாதவர் உடலில், ஓடத் தொடங்கியதுமே கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஊசியிலோ, உடலில் மாட்டிக்கொண்டு இன்சுலின் செலுத்தும் பம்ப்பிலோ போன இன்சுலினுக்கு அந்த விவரம் தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தசைகளும் சர்க்கரையை இழுக்கும், இன்சுலினும் இறக்கும். அளவு 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும். இன்னும் இறங்கினால் நினைவு தப்பலாம். இதில் ஒரு முரணும் உண்டு: நீண்ட நடையும் மெது ஓட்டமும் சர்க்கரையை இறக்கும்; நூறு மீட்டர் பாய்ச்சலோ பதற்றமான இறுதியாட்டமோ அட்ரினலினால் ஏற்றிவிடும். ஒரே பிள்ளை, ஒரே நாள், ஒரே மைதானம், இரண்டு விதமான விளைவு. இதைப் படித்துப் பழகினால் சமாளிக்கலாம். ஓடாமல் உட்காரவைத்தால் பழகவே முடியாது.

சாண்டோ பழகிக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. நோய் தெரிந்ததும் நூலகத்துக்குப் போய்ப் படித்திருக்கிறார். இளவயதில் இந்த நோய் வந்தவர்கள் இன்னும் 25 ஆண்டுகள்தான் இருப்பார்கள் என்று அங்கே போட்டிருந்ததாம். பேஸ்பால் ஆட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அறியாத 18 வயதுப் பையன் படிக்க வேண்டிய வரியா அது! அணிக்குத் தெரிந்தால் விலக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைத்தார். 1963-இல், சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டும் ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வான பிறகே சக ஆட்டக்காரர்களிடம் வாய் திறந்தார். வீட்டில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் மீட்டர் அன்று கிடையாது. உடம்பு என்ன சொல்கிறது, மனநிலை எப்படி இருக்கிறது என்று கவனித்து, ஊகித்து, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் சாக்லேட் வைத்துக்கொண்டு ஆடினார். அப்படித்தான் 1965 சீசனில் 164 ஆட்டங்கள் ஆடினார். அப்படித்தான் 342 ஹோம் ரன்கள், நம் சிக்சர் மாதிரி பந்தை எல்லைக்கு வெளியே தூக்கியடிப்பது.

அவர் பலமுறை சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆட்டத்தின் கடைசிக் கட்டம், சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. தமக்கு முன்னால் ஆடும் பில்லி வில்லியம்ஸ் சீக்கிரம் அவுட் ஆனால் உள்ளே போய் எதையாவது வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று நிற்கிறார். வில்லியம்ஸ் அவுட் ஆகவில்லை. எல்லா பேஸ்களிலும் ஆட்கள் நிற்க, இவர் மட்டையோடு போகிறார். பந்து மூன்று பந்துகளாகத் தெரிகிறது. நடுவில் தெரிந்ததை அடித்தார், கிராண்ட் ஸ்லாம்: நின்ற மூவரையும் தம்மையும் சேர்த்து நான்கு ரன் தரும் ஹோம் ரன். பேஸ்களைச் சுற்றி இவர் அவசர அவசரமாக ஓட, முன்னால் வில்லியம்ஸ் நிதானமாக நடந்துகொண்டிருந்தாராம்.

இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “ஏன் அவர் நிறுத்தச் சொல்லவில்லை?” என்பது. நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும் என்றேன். “நான் கையைத் தூக்கிச் சொல்வேன்” என்றாள். காலணி அலமாரியிலிருந்து இறங்கியது அதற்குப் பிறகுதான்.

1970-இல் அமெரிக்காவில், டைப் 1 குழந்தைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜேடிஆர்எஃப் என்று நெடுங்காலம் அறியப்பட்ட அது, 2024-இல் பிரேக்த்ரூ டி1டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. மருத்துவர்களோ கோடீஸ்வரர்களோ தொடங்கியதல்ல என்பதுதான் எனக்கு முக்கியம். எங்களைப் போல ராத்திரி விழித்திருந்தவர்கள் தொடங்கியது. எழுபதுகளில் சாண்டோ அவர்களோடு சேர்ந்தார். சிகாகோவில் அவர் பெயரில் ஆண்டுதோறும் நடந்த நடை, அவர் காலத்திலேயே ஆறு கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அவர் வெறும் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவரல்ல. 2001-இல் வலது காலையும் 2002-இல் இடது காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயின் விளைவு. செயற்கைக் கால்களோடு வானொலியில் கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்தார், குழந்தைகளைச் சந்தித்தார். 2010 டிசம்பரில் மறைந்தார். பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் வேண்டும் என்ற அவருடைய ஆசை, இறந்து ஓராண்டு கழித்துத்தான் நிறைவேறியது. 2012-இல் மனைவி போய் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் பொங்கும். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

நாங்கள் போன நடை ஏரிக்கரையோரம் நடந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஓர் அணி. அணிக்குப் பெரும்பாலும் குழந்தையின் பெயர்தான், டிஷர்ட்டில் அதுவே அச்சாகியிருக்கும். உறவினர், அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று இருபது முப்பது பேர் ஒரு சின்னப் பிள்ளையின் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பணம் திரட்டும் முறை எளியது. ஒவ்வோர் அணிக்கும் இணையத்தில் ஒரு பக்கம். தெரிந்தவர்களுக்கெல்லாம் அதை அனுப்பிக் கேட்க வேண்டும். பல அலுவலகங்களில், ஊழியர் கொடுத்த தொகைக்கு ஈடாக நிறுவனமும் அதே தொகையைத் தரும். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தைச் சோம்பலால் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். கேட்டுக் கேட்டு நிரப்பவைத்தால் திரட்டிய தொகை இரட்டிப்பாகும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கிளம்பும் முன், மகளின் உடலில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சாரைப் பார்த்தேன்: 148, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பு நேராக இருந்தது. நடை என்பதால் பம்ப்பில் இன்சுலினை முன்கூட்டியே குறைத்திருந்தோம். பாதி தூரத்தில் 96, அம்பு கீழே சாய்ந்தது. அவளே பையைத் திறந்து ஜூஸ் டப்பாவை எடுத்தாள். ஸ்ட்ராவின் முனை உறைக்குள் சிக்கிக்கொண்டது, பல்லால் கடித்துப் பிரித்தாள். பக்கத்தில் நடந்த ஆறு ஏழு வயதுப் பையனின் சென்சாரும் அதே நேரத்தில் ஒலித்தது. அவன் அம்மா, கூட்டத்தை விட்டு ஒதுங்காமல், பாதையின் ஓரத்துப் புல்லில் அப்படியே உட்கார்ந்து குளுக்கோஸ் மாத்திரைகளைக் கையில் கொட்டினார். இவளும் உட்கார்ந்தாள். பதினைந்து நிமிடம் காத்திருப்பதுதான் விதி. அந்தப் பதினைந்து நிமிடத்தில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் யாரும் ‘ஐயோ பாவம்’ என்று பார்க்கவில்லை. பலர் தங்கள் பையிலும் ஜூஸ் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார்கள். பள்ளி, கடை, கல்யாண வீடு எங்கேயும் மகளுக்கு அதுவரை கிடைக்காத இடம் அது. அங்கே உட்கார்வது விளையாட்டிலிருந்து விலகுவதல்ல, விளையாட்டின் ஒரு பகுதி.

அன்று இரவு மூன்று மணிக்கு அலாரம் அடித்தது. பகலில் நடந்ததன் விளைவு இரவில் வரும். உழைத்த தசைகள் சர்க்கரையை இழுப்பது ஒரு நாள் வரை நீடிக்கும். இதையும் அந்தப் புல்தரையில் உட்கார்ந்த அம்மாதான் எனக்குச் சொல்லியிருந்தார். ஆகவே அன்று படுக்கும் முன்பே கொஞ்சம் பாலும் பிஸ்கட்டும் கொடுத்திருந்தோம். அலாரம் அடித்தபோது 74-தான். தூக்கத்திலேயே ஜூஸ் குடித்துவிட்டுப் புரண்டு படுத்தாள்.

திரட்டிய பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்குக் காட்ட என்னிடம் அவள் இடுப்பிலேயே பதில் இருக்கிறது. சர்க்கரையை அளக்கும் சென்சாரும் இன்சுலின் பம்ப்பும் ஒன்றோடொன்று பேசி, அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பைச் செயற்கைக் கணையம் என்பார்கள். 2006-இல் ஜேடிஆர்எஃப் அதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்தது. 2016 செப்டம்பரில் அந்த வகையில் முதல் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. உணவுக்கான இன்சுலினை இன்னும் நாம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ராத்திரி முழுக்க நாம் விழித்துப் பார்த்ததில் பெரும்பகுதியை அது பார்த்துக்கொள்கிறது. 2022 நவம்பரில் டெப்லிசுமாப் என்ற மருந்து வந்தது. நோய் உடலுக்குள் தொடங்கி, இன்னும் வெளியே தெரியாத கட்டத்தில் இருக்கும் 8 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்குக் கொடுத்தால், நோய் முழுமையாக வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. 2019-இல் வெளியான ஆய்வில் 76 பேர் பங்கேற்றார்கள். தள்ளிப்போனது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ‘இரண்டே ஆண்டா’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எட்டு வயதில் ஊசியைத் தொடங்குவதற்கும் பத்து வயதில் தொடங்குவதற்கும் உள்ள தூரத்தை ஊசி போடும் வீட்டில் கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால், இத்தகைய ஆராய்ச்சிக்கு நடைகளில் திரளும் பணம் மட்டும் போதவே போதாது. அரசின் பணம்தான் பெரியது. 1997-இல் அமெரிக்க நாடாளுமன்றம் டைப் 1 ஆராய்ச்சிக்கென்று தனி நிதி ஒதுக்கத் தொடங்கியது. அதை நீட்டித்துக்கொண்டே வரவைப்பதற்கு, 1999 முதல் குழந்தைகளையே வாஷிங்டனுக்கு அழைத்துப்போய் உறுப்பினர்களைச் சந்திக்கவைக்கிறார்கள். இந்த நடைகளில் சேரும் கூட்டம்தான் அந்தக் குரலுக்குப் பின்பலம்.

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கு உறுத்துகிற இரண்டையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, படங்கள். நிதி கேட்கும் சுவரொட்டிகளில் ஊசியைப் பார்த்து முகம் சுளிக்கும் குழந்தை, கட்டிலில் படுத்த குழந்தை, கண்ணீரோடு அம்மா. இரக்கத்தைத் தூண்டினால் பணம் வரும் என்பது உண்மைதான். அதே சுவரொட்டியைப் பார்க்கும் விளையாட்டு ஆசிரியர் மறுநாள் என் மகளைப் பெஞ்சில் உட்காரவைப்பார் என்பதும் உண்மை. திரட்டுவதும் கெடுப்பதும் ஒரே படம். இந்த நோய்க்கு நிதி கேட்பவர்கள், பந்தை விரட்டும் பிள்ளையின் படத்தைப் போட்டுக் கேட்கட்டும். குறைவாக வந்தாலும் அந்தப் பணத்தில் நஞ்சு இல்லை.

இரண்டாவது, மருந்து நிறுவனங்களின் பெயர்கள். டொராண்டோவில் ஒரு டாலருக்குக் கைமாறிய கண்டுபிடிப்பின் வழிவந்த இன்சுலின் ஒன்று, 1996-இல் குப்பி சுமார் 21 டாலருக்கு விற்பனைக்கு வந்து, இருபதாண்டுகளில் 270 டாலரைத் தாண்டியது. காப்பீடு இல்லாதவர்கள் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு இறந்துபோன செய்திகள் இந்த நாட்டில் வந்தன. 2023-இல்தான் மாதம் 35 டாலர் என்ற வரம்புக்குப் பெரிய நிறுவனங்கள் இறங்கிவந்தன. இன்சுலின் விற்பவர்கள் விளையாட்டுக்கு ஆதரவு தருவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உதாரணமாக, சைக்கிள் பந்தய அணி ஒன்று முழுக்க டைப் 1 வீரர்களைக் கொண்டு இயங்குகிறது. பில் சதர்லேண்ட் என்பவருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்த நோய். 25 வயது தாண்டமாட்டான் என்று அவர் அம்மாவிடம் சொன்னார்களாம். அவரும் ஜோ எல்ட்ரிட்ஜும் தொடங்கிய டீம் டைப் 1, 2007-இல் அமெரிக்காவைக் கடலுக்குக் கடல் கடக்கும் பந்தயத்தின் அணிப் பிரிவை வென்றது. 2013 முதல் அது ஓர் இன்சுலின் நிறுவனத்தின் பெயரில் ஓடுகிறது. அந்த வீரர்களைப் பார்க்கும் பிள்ளைகளின் கண்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மார்பில் பெயர் எழுதிய பிறகும் விலையைப் பற்றிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்க வேண்டும். கொடுப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம். இங்கே தொண்டு அமைப்புகளின் வரிக் கணக்கு பொதுவில் கிடைக்கிறது. நிகழ்ச்சிச் செலவு எவ்வளவு, ஆராய்ச்சிக்கும் உதவிக்கும் போனது எவ்வளவு என்று பார்த்துவிட்டே கொடுக்கலாம்.

தமிழ் நண்பர்களிடம் பணம் கேட்கப் போகும்போது சாண்டோவின் பெயர் எடுபடாது. நான் சேப்பாக்கத்தைச் சொல்வேன். 1999 ஜனவரி, இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட். நான் அப்போது கல்லூரி விடுதியில் தொலைக்காட்சி முன்னால். முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து, சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தபோது, அதைப் பிடித்தவர் கேப்டன் வாசிம் அக்ரம். இந்தியா 12 ரன்னில் தோற்றது. அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது. அந்த ஓட்டத்தின் முன்னால் இருந்தவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டைப் 1 என்று தெரிந்திருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டுதான் ஆடினார். சென்னை யாருக்கெல்லாம் கைதட்டியதோ அவர்களில் ஒருவர், என் மகளைப் போல இன்சுலின் போட்டுக்கொள்பவர். இதைச் சொன்னதும் என் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவ்வளவு வேகமாகப் பந்து போடுவானே அவன்!” என்றார். மூன்று மருத்துவர்கள் சொல்லிக் கேட்காததை அக்ரம் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஊரைப் பற்றிய பேச்சு வந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே நாங்கள் செயற்கைக் கணையத்தின் அடுத்த தலைமுறைக்கு நிதி திரட்டுகிறோம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில், அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைத்தாலும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய குடும்பம், அதை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கைந்து ஸ்ட்ரிப் என்பது பெரிய தொகை. பார்க்காமல் ஊசி போட்டால், அந்தப் பிள்ளையை ஓடவிடுவது உண்மையிலேயே ஆபத்து. சாண்டோ 1960-களில் இருந்த இடத்தில் அந்தப் பிள்ளை இன்று இருக்கிறது. கோயம்புத்தூரில் ‘இதயங்கள்’ அறக்கட்டளை இத்தகைய குழந்தைகளுக்கு இன்சுலினும் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் கொடுத்து வருகிறது. நாகபுரியில் ட்ரீம் டிரஸ்ட் நெடுங்காலமாக இதையே செய்கிறது. நாளைக்குக் குணமாக்கும் ஆராய்ச்சியா, இன்றைக்கு வேண்டிய ஸ்ட்ரிப்பா என்று என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் எங்கள் கையால் திரட்டுவதில் பாதி, ஸ்ட்ரிப்புக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

அதற்கு வழியாக, எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் கோடை விளையாட்டு விழாவைக் கேட்டோம். ஓட்டப் பந்தயம், கயிறு இழுத்தல், கபடி, பெரியவர்களுக்கு மெதுநடை. நுழைவுக் கட்டணம் முழுவதும் நிதிக்கு. செயற்குழுவில் ஒருவர் மேடையில் மகளை நிறுத்தி மாலை போடலாம் என்றார். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் 400 மீட்டர் தொடரோட்டத்தில் ஓட வேண்டும், மேடைக்கு நேரமில்லை. சுவரொட்டிக்கு அவள் கோல் அடிக்கும் படத்தைக் கொடுத்தோம். மைதானத்தின் நான்கு மூலைகளிலும் ஜூஸ் டப்பாக்கள் இருக்கும். சென்சார் பார்க்கும் பிள்ளைகள் கைப்பேசியோடு ஓடலாம். சர்க்கரை இறங்கிவிட்டது என்பதைச் சொல்ல ‘லோ’ என்று கையைத் தூக்கும் பிள்ளைக்காக ஆட்டம் நிற்கும், அந்த அணிக்குப் புள்ளி குறையாது. இந்த மூன்றையும் விதியாக எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

பதிவுப் படிவத்தில் ஒரு வரியும் சேர்த்தோம்: ‘மைதானத்தில் கைப்பேசியோ தின்பண்டமோ வைத்திருக்க வேண்டிய உடல்நிலை உங்கள் பிள்ளைக்கு உண்டா?’ எங்கள் மகளைத் தவிர வேறு யாரும் ‘ஆம்’ போடமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். இன்னொரு குடும்பமும் போட்டிருந்தது. பல பொங்கல் விழாக்களில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். பையனுக்கு நான்கு வயதிலிருந்தே டைப் 1. சம்பந்தம் பேசும்போது பின்னால் இடைஞ்சலாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னதால் வெளியே சொல்லவில்லை என்றார் அவன் அம்மா போனில். பிறகு, “அண்ணா, ஓட்டத்துக்கு முன்னால் பம்ப்பை எவ்வளவு நேரத்துக்கு முன்பு குறைக்கிறீர்கள்?” என்று கேட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளின் படத்தையும் அனுப்பினேன். சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவனையும் அழைத்து வருகிறார்கள்.